இறக்கைக்குள் அறுந்த கம்பி

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ஃப்யூஸ் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சூப்பர்வைசர் போனில் ஏதோ கேலியாகச் சொல்லியிருக்கிறார். இவர் படி வழியாக இறங்கி வந்து, கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் ஒழுங்காக வைத்துவிட்டு, சூப்பர்வைசரின் முன்பல் ஒன்றைப் பெயர்த்துவிட்டு, மறுபடி மேலே ஏறிப் போய் வேலையை முடித்தார்.

"அத்தனை படி இறங்கினியே, அதுக்குள்ளயாவது கோபம் தணியலையா?" என்று பிறகு கேட்டார்கள்.

"எங்க தணியுது? படிக்குப் படி ஏறுது" என்றார்.

வேலை போகவில்லை. லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறுகளைத் தடவிப் பார்த்து எது தாங்கும், எது தாங்காது என்று சொல்ல அங்கே அவரை விட்டால் ஆள் கிடையாது. கம்பெனிக்குப் பல்லை விடக் கயிறு முக்கியம்.

வீட்டில் மனைவி தையல்காரி. கூடவே மனைவியின் தம்பி. கார் பெயின்ட் அடிக்கும் கடையில் வேலை, மாடி அறையில் வாசம். தம்பி சிரித்த முகம்; யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாதவன். ஃப்யூஸை "மாமா" என்பான். தெருவில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில் மாமா யாரையாவது சட்டையைப் பிடித்தால், பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டு வருவது அவன் பொறுப்பு. அடிபட்டவர்கள் வீட்டு விலாசமெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மனைவி மீது ஃப்யூஸ் கை வைத்ததில்லை. அதைத் தானே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். ஒருமுறை சுவரில் எறிந்த கண்ணாடி ஜாடி தெறித்து அவள் முழங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, "என் வீட்டுக்காரர் என் மேல கையே வைக்க மாட்டார், டாக்டர். சாமானைத்தான் வைப்பார்" என்றாள் அவள். டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் அவர் வாழ்க்கையில் வந்தது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து. லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், மூடிப்போன செங்கல் தொழிற்சாலையின் மைதானத்தில் ஒரு ஆள் நட்டநடுவே நின்று சுழல்வதைப் பார்த்தார். அவனைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ பறந்துகொண்டிருந்தது. வட்டமாகப் போனது, செங்குத்தாக ஏறியது, குட்டிக்கரணம் அடித்தது, தலைகீழாகத் தரையை உரசிக்கொண்டு போனது. சத்தம் இவ்வளவு தூரம் வந்தது, கோபம் கொண்ட குளவி மாதிரி. ஃப்யூஸ் அப்படியே கீழே இறங்கி மைதானத்துக்கு நடந்துவிட்டார். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரை அவர் மறந்தே போனார். திரும்பி வந்தபோது அவர்களில் ஒருவர் அடிக்க வந்தார். நியாயமாக அவரிடம் ஒரு அடியாவது வாங்கியிருக்க வேண்டும். ஃப்யூஸ் அவரைத்தான் அடித்தார்.

எஞ்சின் வைத்த இந்தச் சிறு மாதிரி விமானங்களுக்கு ரிமோட் கிடையாது. விமானத்தின் இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீளமாக வந்து, நடுவில் நிற்பவரின் கையிலுள்ள பிடியில் சேரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு மூக்கு மேலே போகும். கீழே சாய்த்தால் இன்னொன்று இழுபட்டு மூக்கு கீழே வரும். இறக்கைக்குள் ஒரு முக்கோணத் தகடு இருக்கிறது. அந்தக் கம்பிகளின் இழுப்பை வாங்கி வாலுக்கு அனுப்புவது அதுதான். அவ்வளவுதான் யந்திரம். மீதியெல்லாம் மணிக்கட்டு. இதில் பழைய ரகம் என்று ஒரு பிரிவு உண்டு: தாத்தா காலத்து வரைபடங்களை வைத்து, அதே தடித்த இறக்கை, அதே நீண்ட மூக்கு, பால்சா மரச் சட்டம், அதன் மேல் பட்டுத்துணி, துணிக்கு மேல் டோப் என்னும் நெடியடிக்கும் பூச்சு. ஃப்யூஸுக்குப் பிடித்தது அந்தப் பிரிவு.

பட்டுத்துணியை மனைவி தந்தாள். பூச்சு வேலையை மச்சினன் எடுத்துக்கொண்டான். அடுக்களை மேசை மேல் ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. கடைசியில் மைதானத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போன முதல் தடவையே புரொப்பெல்லர் திருப்பி அடித்து ஃப்யூஸின் ஆள்காட்டி விரலை எலும்பு வரை வெட்டியது. அவர் எஞ்சினை உதைத்தார். கால் பெருவிரல் முறிந்தது.

"மாமா, எஞ்சின் ரெண்டு, நீங்க ஜீரோ" என்றான் மச்சினன்.

ஃப்யூஸ் சிரித்துவிட்டார். மனைவி அன்றைக்கு அதைத்தான் எல்லாரிடமும் சொன்னாள்: ரத்தம் கொட்டக் கொட்ட இந்த மனிதர் சிரித்தார் என்று.

பறக்கும்போது அவர் வேறு ஆள். எஞ்சின் பிடித்து, மனைவி விமானத்தைத் தரையிலிருந்து விட்டதும், கம்பி இறுகி, அந்தப் பொருள் தன் முழு பலத்தோடு அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். தோள்பட்டை வரை இழுப்பு தெரியும். விட்டால் போய்விடும், விறைத்தால் மண்ணில் குத்தும். முஷ்டிக்கு இப்படி ஒரு வேலை அவருக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. டேங்கில் எரிபொருள் தீரும் மட்டும் அவர் முகம் தூங்கும் ஆளுடைய முகம் மாதிரி இருக்கும். பிறகு விமானம் இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் யாரோ ஏதோ சொல்வார்கள், சட்டையைப் பிடிப்பார்.

மைதானத்தில் விமானம் விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு பேக்கரிக்காரர். குண்டான மனிதர், எல்லாருக்கும் பன் கொண்டுவருவார். ஃப்யூஸிடம் இரண்டு தடவை அடி வாங்கியவர். அப்படியும் சங்கத்திலிருந்து அவரை நீக்கவில்லை. "அவர் தலைகீழா பறக்கறதைப் பாத்தா பல்லு வலி மறந்துடுது" என்பார்.

வம்பு ஆரம்பித்தது மச்சினனும் பிடியைக் கையில் எடுத்தபோது. அவன் மணிக்கட்டில் பெயின்ட் தெளிப்பவனின் நிதானம் இருந்தது. ஃப்யூஸ் விமானத்தை இழுத்துக்கொண்டு போவார். அவன் விமானத்தைப் போகவிட்டான். இரண்டே பருவத்தில், விமானத்தால் காற்றில் அவன் போட்ட எட்டுகள் மாமாவின் எட்டுகளை விட உருண்டையாக வந்தன. சங்கத்தார் கைதட்டினார்கள். ஃப்யூஸும் தட்டினார். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மாடிப்படிக் கைப்பிடியைப் பிடுங்கி எறிந்தார்.

பழைய ரகப் போட்டிக்கு அந்த வருடம் இருவரும் ஆளுக்கொரு விமானம் கட்டினார்கள். மச்சினன் தன்னுடையதை முடித்துவிட்டான். ஃப்யூஸ் தன் இறக்கைச் சட்டத்துக்குள் முக்கோணத் தகட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். தகட்டிலிருந்து இறக்கை நுனி வரை உள்ளே ஓடும், மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த இரண்டு துண்டுக் கம்பிகளை, போன வருடம் மண்ணில் குத்திய விமானத்திலிருந்து எடுத்து வைத்திருந்தார். அவற்றை நிமிர்த்தி, மறுபடி அதே இடத்தில் வளைத்து, தகட்டின் துளையில் கட்டினார்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "மாமா, அது வளைஞ்சு நிமிந்த கம்பி. புதுசா போட்டுடுங்களேன். மேல துணி மூடிட்டா அப்புறம் பாக்கவே முடியாது."

ஃப்யூஸ் தலை தூக்கவில்லை. "என்ன சொன்னே?"

"கம்பியை மாத்திடலாம்னு…"

"கம்பியைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? உங்க அக்கா ஏறி இறங்கற லிஃப்டெல்லாம் என் கயித்துலதான்டா தொங்குது!"

அறை விழுந்தது. மச்சினன் தையல் மெஷின் மேல் சாய்ந்து, மெஷினோடு கீழே போனான். உதடு கிழிந்தது. எழுந்து, மெஷினைத் தூக்கி நிறுத்தி, நூல்கண்டுகளைப் பொறுக்கி அக்காவின் டப்பாவில் போட்டான். அன்று மாலையே ஃப்யூஸ் அந்த இறக்கையை மாடிக்குக் கொண்டுபோய் அவன் கதவில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். அவனும் வழக்கம்போல அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி, பூசி, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்தான்.

போட்டியன்று மச்சினன் முதலில் பறந்தான். அவன் இறங்கியதும் பேக்கரிக்காரர், "இதுக்கு மேல என்னத்தைப் பறக்கறது?" என்றார். மதிப்பெண் பலகையில் அவன் பேர் மேலே ஏறியது.

அடுத்தது ஃப்யூஸ். கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனை நடந்தது, தாங்கியது. பிடியிலிருந்து வரும் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். மனைவி வட்டத்தின் ஓரத்தில் மண்டியிட்டு விமானத்தைப் பிடித்திருந்தாள். அவர் தலையசைத்ததும் விட்டுவிட்டு, எழுந்து பின்னால் போய் நின்றாள்.

நன்றாகவே பறந்தார். குட்டிக்கரணங்கள், தலைகீழ்ச் சுற்று, சதுர வளைவுகள். இன்னும் ஒரு எட்டுதான் பாக்கி. உச்சந்தலைக்கு நேர் மேலே விமானம் வளைந்தபோது அவர் கையில் இழுப்பு பாதியாகக் குறைந்தது. ஒரு கம்பி தொய்ந்து அவர் முகத்தின் மேல் விழுந்தது. மறு கம்பியில் முழு பாரமும் சேர்ந்து, வால் ஒரே பக்கமாகத் திரும்பி, விமானம் இறுக்கமாகச் சுருண்டு சுருண்டு இறங்கியது. மூன்றாவது சுருளில் அந்தக் கம்பியும் அறுந்தது. விமானம் வட்டத்தை விட்டு நேர்கோட்டில் போனது.

அவள் ஓடப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதற்குள் எஞ்சின் அவள் தோளில் பாய்ந்தது. கழுத்தெலும்பு முறிந்த சத்தம் சுள்ளி ஒடிவது போல மைதானம் முழுக்கக் கேட்டது. புரொப்பெல்லர் தாடையைக் கிழித்தது. அவள் உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டை சிவந்துகொண்டே போனது.

எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். மச்சினன் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். ஃப்யூஸும் ஓடினார். அவர் ஓடியது அவளை நோக்கி அல்ல.

அக்காவின் தலையைத் தூக்கப் போனவனைப் பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தார். "உள்ள நான் கட்டினேன்! மேல நீ மூடினே! நடுவுல வேற யாரு கைடா பட்டுது?"

"மாமா, அக்காவைப் பாருங்க… அக்கா…"

"பிளையரால நறுக்கி வெச்சு மூடினியாடா? ஒரு அறைக்காக அறுத்தியாடா?"

மணிக்கட்டில் வாரோடு மாட்டியிருந்த பிடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. கைக்கு அடக்கமான, கனமான அலுமினியப் பிடி. அதாலேயே அடித்தார். முதல் அடி காதில். இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது கண்ணில். அதற்குப் பிறகு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. பிடியிலிருந்து தொங்கிய அறுந்த கம்பிகள் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடவே சுழன்று, தடுக்க வந்தவர்களின் கைகளைக் கிழித்தன. கடைசியில் பேக்கரிக்காரர் தன் முழு எடையோடு ஃப்யூஸின் முதுகில் விழுந்து அவரை மண்ணில் அமுக்கினார். மண்ணில் முகம் அழுந்தக் கிடந்தபோதும் அவர், "அறுத்துட்டான், அறுத்துட்டான்" என்றே கத்திக்கொண்டிருந்தார்.

ஒரே ஆம்புலன்ஸில் அக்காவும் தம்பியும் போனார்கள். அவளுக்குத் தாடையில் தையல், தோளில் தகடு. வலது கையை அதன் பிறகு காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அவனுக்கு இடது கண் போய்விட்டது.

கோர்ட்டில் ஃப்யூஸின் மனைவி கூண்டில் ஏறி, தாடை இழுக்க இழுக்கப் பேசினாள். "அடிச்சது இவர்தான். நான் தரையில கிடந்து பாத்தேன். எனக்கு நினைவு தப்பல." நீதிபதி வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் கணவரைப் பார்த்தாள். "நான் ரத்தத்துல கிடந்தேன். இவர் என்கிட்ட வரல. அவன்கிட்ட போனார். அவ்வளவுதான்."

மச்சினனைக் கேட்டார்கள், கம்பியில் கை வைத்தாயா என்று. "நான் துணி போர்த்தினேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றான். ஃப்யூஸ் கூண்டுக் கட்டையைப் பிடித்து உலுக்கிக் கெட்ட வார்த்தை சொன்னார். அதற்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்தது.

சிறையில் அவருடைய கோபத்துக்கு மரியாதை இல்லை. அங்கே எல்லாரிடமும் அது இருந்தது. சாப்பாட்டு வரிசையில் ஒருவன், "ஒத்தக்கண்ணன் மாமா வரார், வழி விடுங்க" என்றான். ஃப்யூஸ் அலுமினியத் தட்டால் அவன் மூக்கை உடைத்தார். மறுநாள் குளியலறையில் அவனும் அவன் ஆட்களும் இவருடைய விலா எலும்புகளை உடைத்தார்கள். ஆறினதும் இவர் மறுபடி போனார், மறுபடி உடைத்தார்கள். அப்படியே போயிற்று. மனைவி பார்க்க வரவில்லை. படுக்கையில் மூச்சு விட முடியாமல் கிடந்த நாட்களில் எல்லாம், வெளியே போனதும் அந்த இறக்கையைப் பிரித்துப் பிளையர் வெட்டியதைக் காட்ட வேண்டும், அவள் அதைப் பார்க்க வேண்டும், தான் அவளிடம் போகாமல் அவனிடம் போனது ஏன் என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு நினைப்பு.

விடுதலையாகி வந்தார். பழைய கம்பெனி சேர்க்கவில்லை. ஒரு சின்ன லிஃப்ட் பட்டறையில் வேலை கிடைத்தது. வீட்டில் தையல் மெஷின் இல்லை, மாடி அறையில் கட்டில் இல்லை. அக்காவும் தம்பியும் பெயின்ட் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

கேஸ் முடிந்துவிட்டதால் சாமானை எடுத்துப் போகும்படி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. ஒரு சாக்கைக் கொடுத்தார்கள். உள்ளே விமானம் இருந்தது, மூக்கு நொறுங்கி, பட்டுத்துணியில் மனைவியின் ரத்தம் கறுத்துப்போய். வேலைக்குக்கூடப் போகாமல் அடுக்களை மேசையில் அதைப் பரப்பினார். லிஃப்ட் கயிறு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிளேடால் துணியைக் கீறி, மச்சினன் பூசிய பளபளப்பான பரப்பை உரித்து, சட்டத்தை ஒடித்து, முக்கோணத் தகட்டை வெளியே எடுத்தார். ஒரு துளையில் சிறு கம்பித் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் முதலில் அறுந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

பிளையர் வெட்டினால் கம்பியின் முனை இரண்டு பக்கமும் நசுங்கி, உளிபோலக் கூர்ந்திருக்கும். இது நசுங்கவில்லை. வளைவின் வெளிப்பக்கத்து இழைகள் பழுப்பாக, மங்கலாக இருந்தன. துரு ஏறி வெகுநாளாக விரிசல் விட்டிருந்தவை. உள்பக்கத்தில் மிச்சமிருந்த சில இழைகள் மட்டும் பளிச்சென்று, அன்றைக்கு அறுந்தவை. வளைத்து, நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி வளைத்த கம்பி இப்படித்தான் போகும். இந்த மாதிரி முனையைக் காட்டி எத்தனையோ கட்டடக்காரர்களிடம் "இனி இதை ஒரு நாள் விட்டாலும் கொலை" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பழுப்பு பழுப்பாகவே இருந்தது. எதையாவது எடுத்து உடைக்கத் தோன்றியது. சுற்றிலும் பார்த்தார். அவர் உடைக்காத சாமான் என்று அந்த வீட்டில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. மேசை மேல் வலது கையை விரித்து வைத்து, இடது கையில் சுத்தியலை எடுத்தார். ஓங்கினார். அதே கையால்தான் அவனிடம் இதைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

பெயின்ட் கடையில் மச்சினன் ஒரு காரின் கதவுக்குப் பூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். முகமூடியைக் கழற்றியதும் இடது கண் இருந்த இடம் தெரிந்தது. ஃப்யூஸைப் பார்த்தும் ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

ஃப்யூஸ் தகட்டை நீட்டினார். "நீ அறுக்கல. அது என் கம்பி. நீ மாத்தச் சொன்ன கம்பி."

அவன் தகட்டை வாங்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நல்ல கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைக் கவனமாகக் கார் பானட்டின் மேல் வைத்துவிட்டு, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதனை அடித்தான்.

அடி படவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது. முஷ்டி ஃப்யூஸின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் போய், அவனே தடுமாறினான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்ததுதான் ஃப்யூஸுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. சிறையில் விலா உடைந்தபோதுகூட அவர் இப்படிக் கத்தவில்லை. ஏதோ மிருகம் மாதிரி ஒரு சத்தம்.

"கிட்ட வாங்க" என்றான் மச்சினன்.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இன்னும் கிட்ட."

வந்தார். இந்தத் தடவை பட்டது. மூக்கு உடைந்தது. அவன் நிறுத்தவில்லை. வயிற்றில், வாயில், காதில், தெரிந்த இடத்திலெல்லாம் அடித்தான், அழுதுகொண்டே அடித்தான். ஃப்யூஸ் கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டு நின்றார். அவை வெளியே வரத் துடித்தன. பையின் தையல் கிழிந்தது. கடைசியில் காரின் மேல் சரிந்து, புதுப்பெயின்ட் முழுக்க ரத்தமாக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க" என்றான் அவன் மூச்சு வாங்கியபடி. "எனக்கு இது போதாது. சங்கத்துல எனக்கு என்ன பேர் தெரியுமா? பிளையர். 'பிளையர் வரான், கம்பியை எல்லாம் எடுத்து வைங்க'ன்னு சிரிப்பாங்க. நான் மைதானத்துப் பக்கம் போயே வருஷக்கணக்காச்சு. நீங்க அங்க வந்து சொல்லணும். எல்லார் முன்னாலயும்."

அடுத்த போட்டியன்று ஃப்யூஸ் போனார். மூக்கில் இன்னும் கட்டு. மனைவியும் தம்பியும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். அவளை அவர் கோர்ட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறார். தாடையில் தழும்பு ஒரு கோடாக இறங்கியிருந்தது. அவர் வட்டத்தின் நடுவில் போய் நின்று, தகட்டை உயர்த்திக் காட்டி, உடைந்த மூக்கால் பேசினார்: கம்பி பழையது, கட்டியது தான், மாற்றச் சொன்னவனை அறைந்தது தான், கண்ணைப் பறித்ததும் தான். அவன் எதையும் அறுக்கவில்லை.

கூட்டம் காலை மாற்றி மாற்றி நின்றது. சிலர் தரையைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். நல்லது செய்வதாக நினைத்து, மச்சினனின் தோளில் தட்டி, "சரி, பழசையெல்லாம் விட்டுடு, பிளையர்" என்றார்.

வாயில் வந்து பழகிப்போன பேர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் மச்சினன் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டான். பன் தட்டு பறந்தது. பேக்கரிக்காரரின் அண்ணன் மகன் குறுக்கே விழுந்தான், இன்னொருவன் மச்சினனைப் பின்னாலிருந்து உதைத்தான். கொஞ்ச நேரத்தில் அந்த மைதானத்தில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எரிபொருள் டப்பா கவிழ்ந்து, அதில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெயின் நெடி எழுந்தது. யாரோ ஒருவனுடைய அழகான நீல விமானம் காலடியில் நொறுங்கியது.

எல்லாருடைய ஓரக்கண்ணும் ஃப்யூஸ் மேல் இருந்தது. அவர் இறங்கினால் இது ஆஸ்பத்திரியில்தான் முடியும் என்று தெரியும். அவர் இறங்கினார். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் மச்சினனைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார். அவன் திமிறி முழங்கையால் அவர் மூக்கிலேயே இடித்தான். அவர் பிடியை விடவில்லை. இன்னொருவன் கன்னத்தில் அறைந்தான். அதற்கும் விடவில்லை.

"பேரைச் சொல்லு" என்று பேக்கரிக்காரரைப் பார்த்துக் கத்தினார், வாயெல்லாம் ரத்தமாக. "அவனுக்கு அவங்க அம்மா வெச்ச பேர் ஒண்ணு இருக்கில்ல? அதைச் சொல்லிக் கூப்பிடு!"

பேக்கரிக்காரர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, இருமிக்கொண்டே, அந்தப் பேரைச் சொன்னார். ஒருமுறை மெதுவாக, பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி.

மச்சினன் தளர்ந்தான். "விடுங்க மாமா" என்றான். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அன்று அவன் பறந்தான், யாரோ இரவல் கொடுத்த விமானத்தில். அக்கா இடது கையால் பிடித்து விட்டாள். தலைகீழாகத் திருப்பிய உடனேயே தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குத் தப்பி, விமானம் மண்ணில் குத்தி இரண்டாகப் போயிற்று. இரவல் கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினான். "அடுத்த தடவை கொஞ்சம் உசரமா திருப்பிக்கறேன்" என்றான்.

மனைவி ஃப்யூஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"நான் திரும்பி வர மாட்டேன்" என்றாள். "அதுக்காகன்னு நல்லவரா இருக்காதீங்க."

"சரி" என்றார்.

"வேற எதுக்காகவாவது இருங்க."

அவள் தம்பியோடு நடந்து, கேட்டைத் தாண்டி, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பேக்கரிக்காரர் வந்து மூக்கில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவ்வளவு அடி வாங்கினியே, ஏன்யா திருப்பி ஒண்ணும் குடுக்கல?"

ஃப்யூஸ் பஞ்சைப் பிய்த்து இரண்டாக்கிக்கொண்டிருந்தார். "குடுக்கணும்னுதான் இருந்துச்சு" என்றார். "இப்பவும் இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரு."

பேக்கரிக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.